நண்டுக் கறியும் கருநிறப் பியரும்: திருகோணமலை மேசையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

கிராஃப்ட் பியர் என்ற பெயர் நிலாவெளி, உப்புவெளிக் கரையோர விடுதிகளுக்கு வந்து தங்குவோரின் பேச்சில் அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால், விலை கூடிய பியர் என்பதற்கு மேல் தெளிவான பதில் கிடைப்பது அரிது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான வரையறை ஒன்று இல்லை என்பதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். அமெரிக்காவில் பியர் காய்ச்சுவோரின் சங்கம், ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய்க்கு மேற்படாமல் காய்ச்சுவதும், வேறு பெரிய மது நிறுவனம் ஒன்றின் கையில் 25 வீதப் பங்கு போய்விடாததுமான ஆலையையே அப்பெயரால் அழைக்கிறது. ஓர் அமெரிக்கப் பீப்பாய் ஏறத்தாழ 117 லீற்றர் கொள்ளும் என்பதால், 60 இலட்சம் பீப்பாய் 70 கோடி லீற்றரை எட்டும். அதை எவரும் குடிசைத் தொழில் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர் அளவுக் கணக்கை ஒதுக்கிவிட்டு, காய்ச்சுபவர் தம் தானியத்தையும் ஈஸ்டையும் தாமே தேர்ந்து, மற்றப் பியர்களிலிருந்து வேறுபட்டு நிற்கும் ஒரு சுவையை வேண்டுமென்றே உண்டாக்கியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இவ்விளக்கத்துக்குத் திருகோணமலைச் சமையலைத் துணைக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பல திசைகளிலிருந்து வந்த பொருள்கள் ஒரே சட்டியில் சேர்ந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேலையைச் செய்வதே இங்குள்ள கறியின் இயல்பு. பியரும் அவ்வாறே அமைந்தது. கறியில் எது உறைப்பைத் தருகிறது, எது அதைத் தணிக்கிறது, எது புளிப்பைக் கொண்டுவருகிறது என்று பிரித்தறியத் தெரிந்த நாக்குக்கு, பியரைப் புரிந்துகொள்ளப் புதிய பயிற்சி அதிகம் வேண்டியதில்லை.

பியரின் அடிப்படைப் பொருள்கள் நான்கு: நீர், முளைகட்டிய பார்லி, ஹொப்ஸ், ஈஸ்ட். ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் 1516ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற கட்டளை முதல் மூன்றையும் மட்டுமே அனுமதித்தது. ஈஸ்டின் வேலை என்னவென்று அக்காலத்தில் அறியப்படாததால் அது பட்டியலில் இடம்பெறவில்லை. பார்லியை ஊறவைத்து முளைக்கவிடும்போது, அதிலுள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றவல்ல நொதியங்கள் உருவாகின்றன. முளை சற்று வளர்ந்ததும் சூடேற்றி உலர்த்துவார்கள். இதுவே மோல்ட் எனப்படும். அந்த உலர்த்தலின் சூடுதான் பியரின் நிறத்தையும் சுவையின் பெரும்பகுதியையும் தீர்மானிக்கிறது. நம் வீடுகளில் ஒரே மல்லியை இளவறுவலாக எடுத்தால் ஒரு தூளும், கருக வறுத்தால் வேறொரு தூளும் கிடைப்பதைப் போல, மெல்லிய சூட்டில் உலர்ந்த பார்லி பொன்னிறத்தையும் பாண் வாசனையையும் தருகிறது. கருமையாக வறுபட்ட பார்லி கோப்பி, கொக்கோ வாசனையோடு கருநிறப் பியரைத் தருகிறது.

ஹொப்ஸ் ஒரு கொடியின் பெண் பூ. மோல்ட்டின் இனிப்பைச் சமப்படுத்தும் கைப்பையும், இனத்துக்கேற்பத் தோடம்பழத்தோல், பைன் மரம், புல், பூ போன்ற மணங்களையும் அது தருகிறது. பியர் விரைவில் பழுதாகாமலும் காக்கிறது. நீண்ட கோடைப் பகலும் குளிர்காலமும் உள்ள நாடுகளிலேயே அது நன்றாகப் பூக்கும் என்பதால், இலங்கையில் பியர் காய்ச்சுவோர் ஹொப்ஸையும் பார்லியையும் இறக்குமதி செய்தே ஆகவேண்டும்.

பாடநூல்களில் மதுவம் என்று குறிக்கப்படும் ஈஸ்ட், சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும் நுண்ணுயிர். பியர்களின் இரண்டு பெரிய குடும்பங்களும் ஈஸ்டின் அடிப்படையிலேயே பிரிகின்றன. ஏல் எனப்படுவது 15 முதல் 24 பாகை வரையான சூட்டில், சில நாட்களில் நொதிக்கும் வகை. அந்தச் சூட்டில் ஈஸ்ட் பழ வாசனைகளையும் உண்டாக்கும். லாகர் 7 முதல் 13 பாகை வரையான குளிரில் மெதுவாக நொதித்து, பின் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளிவது. அதில் ஈஸ்டின் வாசனை அநேகமாகத் தெரியாது. இலங்கையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொன்னிறப் பியர்கள் லாகர் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1883இல் கோப்பன்ஹேகனில், கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஓர் ஈஸ்ட் கலத்திலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கிய பிறகே, எந்த ஊரில் காய்ச்சினாலும் ஒரே சுவை என்ற நிலை வந்தது. (டேனிஷ்காரரின் கப்பல்கள் 1620இலேயே திருகோணமலைக்கு வந்து, சிறிது காலம் நின்று, எதுவும் கைகூடாமல் திரும்பியவை. அவர்களின் பெயர் இந்த ஊரில் நிலைத்திருப்பது போத்தல்களின் மேல் மட்டுமே.)

எங்கும் ஒரே சுவை என்பது வணிகத்துக்கு வசதியானது. சலிப்புக்கும் அதுவே காரணமானது. பிரித்தானியாவில் 1971இல் மரபுவழி ஏலைக் காப்பதற்கென்று குடிப்போரே ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அமெரிக்காவில் 1978இல் வீட்டில் பியர் காய்ச்சுவதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தது. அப்போது அந்நாட்டில் நூறுக்கும் குறைவாக இருந்த பியர் நிறுவனங்கள் இன்று ஒன்பதாயிரத்தைக் கடந்துவிட்டன. வீட்டுக் குசினியில் பழகியவர்களே அவற்றுள் பலவற்றைத் தொடங்கினார்கள். இலங்கையில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது மதுவரிச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்த வழி இங்கே திறக்கவில்லை.

எனினும், பனையும் தென்னையும் உள்ள ஒரு கரையோரத்தாருக்கு நொதித்தல் புதிய செய்தி அல்ல. பாளையிலிருந்து வடியும் இனிப்பான நீரில் முட்டியின் சுவரிலும் காற்றிலும் உள்ள ஈஸ்டும் பற்றீரியாக்களும் தாமாகவே சேர்ந்து, சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடுகின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அவை வேலை செய்ய முடியாமல் போய், நீர் இனிப்பாகவே நிற்கிறது. காலையில் இறக்கிய கள் இனிப்பும் நுரையுமாக இருக்கும். மாலையில் புளிப்பு ஏறும். மறுநாள் அது வினாகிரியின் பக்கம் போய்விடும். பெல்ஜியத்தின் லாம்பிக் என்ற புளிப்புப் பியரும் காற்றிலும் மரப்பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிர்களை நம்பியே நொதிக்கிறது. அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஐரோப்பியர் பெரும் விலை கொடுக்கிறார்கள். தவறணையில் ஒரு நாளுக்குள் விற்றுத் தீரவேண்டிய கள்ளை நாம் மலிவான குடி என்று ஒதுக்குகிறோம். இது சுவையைப் பற்றிய தீர்ப்பு அல்ல, சமூக மதிப்பைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்ப மாவைப் பொங்கவைக்க ஒரு சிரங்கை கள்ளை ஊற்றிய பாட்டிமார் அதன் மதிப்பை அறிந்திருந்தார்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். திருகோணமலையின் வரலாறு துறைமுகத்தின் வரலாறு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 ஆகிய ஒரே ஆண்டில் ஆங்கிலேயரிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்து, 1957 வரை கடற்படைத் தளத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். படைகள் போனாலும் அவற்றோடு வந்த பொருள்களும் பழக்கங்களும் குசினியில் தங்கிவிட்டன. ஆயினும் ஆட்சிகளின் பட்டியலை அப்படியே சமையலின் பட்டியலாக வாசிப்பது தவறு. ஆண்டவர்களைக் காட்டிலும் வணிகரும் படைவீரரும் மீனவரும் குடிபெயர்ந்தோருமே உணவைக் கைமாற்றினார்கள்.

நண்டுக் கறி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். கொட்டியாரக் குடாவில் பிடித்த நண்டும், வளவிலுள்ள தேங்காயும், கறிவேப்பிலையும், கடைசியில் தூவும் முருங்கையிலையும் இந்தப் பக்கத்துக்குரியவை. மல்லியும் சின்னச்சீரகமும் பெருஞ்சீரகமும் மத்தியதரைக் கடலையும் மேற்காசியாவையும் சேர்ந்த செடிகள். நெடுங்கால வணிகத்தின் வழியே வந்தவை. பழப்புளி மரத்தின் ஆதி நிலம் ஆபிரிக்கா. கறியின் அடையாளம் என்று நாம் கருதும் செத்தல் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் ஆசியாவுக்கு வந்த பின்னரே அது இங்கு பரவியது. 1505க்கு முன் இத்தீவில் உறைப்பு என்றால் மிளகுதான். இவ்வளவு தொலைவிலிருந்து வந்தவை சேர்ந்த பின்னும், அதை மூதூரில் வைத்தாலும் சாம்பல்தீவில் வைத்தாலும் எங்கள் ஊர்க் கறி என்றே சொல்கிறோம். அப்படிச் சொல்வதில் பிழை ஏதும் இல்லை. வந்த பொருள் இங்குள்ள தேங்காய்ப்பாலோடும் மீனோடும் எப்படிப் பொருந்தவேண்டும் என்பதை இந்த ஊர்க் கைகளே தீர்மானித்தன.

மேசையின் மற்றப் பகுதிகளும் இவ்வாறே. சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாடு மாலைத்தீவுக் கடல்வழி வந்தது. தொதலும் வட்டிலப்பமும் ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அதன் அயல் தீவுகளிலிருந்தும் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்த மலாயரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவை. இன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளின் பெருநாள் அவை இல்லாமல் நிறைவதில்லை. பாலையூற்றிலுள்ள, ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பங்களின் கிறிஸ்மஸ் மேசை தனியொரு கட்டுரைக்குரியது. எருமைத் தயிரும் தம்பலகாமத்து வயல் அரிசியும் உள்நாட்டின் பங்கு. கிழக்கிலேயே பிறந்தது என்று பலரும் உரிமை கொண்டாடும் கொத்துரொட்டியின் கோதுமை மாவோ முழுக்க முழுக்கத் துறைமுகத்தின் கொடை. இத்தீவில் கோதுமை விளைவதில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் தானியத்தைச் சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறீமா ஆலை அரைத்து நாடெங்கும் அனுப்புகிறது.

பியரின் பிறப்பும் இதைவிடத் தூயது அல்ல. பார்லி முதன்முதல் பயிரிடப்பட்டது மேற்காசியாவில். ஹொப்ஸ் ஐரோப்பாவின் சேர்க்கை. லாகர் ஈஸ்டே ஒரு கலப்பு உயிர்: ஏல் ஈஸ்டும் குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் கலந்து உண்டானது. அந்தக் காட்டுப் பெற்றோர் எதுவென்று தெரியாமல் இருந்து, 2011இல் தென்னமெரிக்காவின் பத்தகோனியாக் காடுகளிலும், பின்னர் திபெத்திலும் கண்டறியப்பட்டது. கோதுமைப் பியர்களில் ஒன்றான பெல்ஜியத்து வெள்ளைப் பியரில் சேரும் கொத்தமல்லி விதையும் காய்ந்த தோடம்பழத்தோலும் கப்பல் வணிகம் கொண்டுவந்த சரக்குகள். அழிந்துபோயிருந்த அந்தப் பியரை 1960களில் ஹூகார்டன் என்ற ஊரில் பியேர் செலிஸ் மீண்டும் காய்ச்சத் தொடங்கியிராவிட்டால், மல்லி போட்ட பியர் என்ற பேச்சே இன்று இருந்திராது.

இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும்போது கவனிக்கவேண்டியவை உறைப்பு, கொழுப்பு, புளிப்பு, வறுவல் ஆகியவையே. இவற்றுள் உறைப்பே முதலாவது. மிளகாயின் கப்சேசின் நாக்கிலுள்ள சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால்தான் எரிவு உண்டாகிறது. அது நீரில் கரையாது. கொழுப்பிலும் செறிந்த மதுசாரத்திலும் கரையும். ஐந்து வீத மதுசாரமுள்ள பியர் அதைக் கழுவிவிடப் போதாது. மாறாக, மதுசாரம் அதே நரம்பு முனைகளை மேலும் கூர்மையாக்குகிறது, வாயுக் குமிழிகளும் குத்துகின்றன. குளிர் தரும் ஆறுதல் விழுங்கும் வரைதான். உண்மையில் உறைப்பைத் தணிப்பது தேங்காயின் முதற்பாலும் தயிரும். பியரில் அந்த வேலைக்கு ஓரளவு உதவுவது மோல்ட்டின் இனிப்பு. கெடுப்பது ஹொப்ஸின் கைப்பு.

எனவே, கிராஃப்ட் பியர் என்றதும் எல்லோரும் முதலில் நீட்டும் இந்தியா பேல் ஏல் என்ற வகை, அதன் பெயரில் இந்தியா இருந்தபோதும், நம் உறைப்புக் கறிகளுக்குப் பொருந்தாதது என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்திலிருந்து இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட, ஹொப்ஸ் மிகுந்த ஏலின் வழித்தோன்றல் அது. அதைக் குடித்தவர்களின் தட்டில் செத்தல் மிளகாய் அரைத்த கணவாய்க் கறி இருந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. உறைப்பின் மேல் அந்தக் கைப்பை ஊற்றினால் எரிவு கூடுவதோடு, கறியிலுள்ள வெந்தயமும் மஞ்சளும் கைப்பாகத் தலைகாட்டத் தொடங்கும். அதை வெறுமனே, அல்லது பொரித்த கீரிமீனோடும் உப்பிட்ட கச்சானோடும் அருந்தலாம். அங்கே எண்ணெய்ப்பசையை வெட்டும் வேலை அந்தக் கைப்புக்கு உண்டு.

சொதியோடும் இடியப்பத்தோடும் கோதுமைப் பியர் மிக நன்றாகச் சேரும். ஜெர்மனிய வகையில், ஈஸ்டே வாழைப்பழத்தையும் கிராம்பையும் நினைவூட்டும் வாசனைகளை உண்டாக்குகிறது; கிராம்போ பழமோ எதுவும் சேர்ப்பதில்லை. பெல்ஜிய வகையில் மல்லி இருப்பதைச் சொன்னோம். இரண்டிலும் கைப்பு குறைவு, நுரை மிகுதி. தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்த நுரை மெதுவாகத் தூக்கிச் செல்லும். தேசிக்காய்ப் புளி விட்ட சொதிக்குப் பெல்ஜிய வகையையே நான் முதலில் தேர்வேன். சாதாரண லாகரையும் இழிவாகப் பேசவேண்டியதில்லை: மத்தியான வெயிலில் பொரித்த விளைமீனுக்கும், வெங்காயமும் கறிமிளகாயும் போட்டுப் பிரட்டிய இறாலுக்கும் அதைவிட ஏற்றது குறைவு. கிராஃப்ட் பியர் பேசுவோரில் சிலர் லாகர் என்றாலே முகம் சுளிப்பது, கறி உண்ணத் தெரிந்தவர் வெறும் சோற்றை இகழ்வதற்கு ஒப்பாகும்.

நண்டுக் கறிக்கு ஸ்டௌட் எனும் கருநிறப் பியர்தான். தூளின் வறுத்த மல்லியும் பியரின் வறுத்த பார்லியும் ஒரே வகை மாற்றத்தால் மணம் பெற்றவை; சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகும் அந்த மாற்றமே பாண் மேலோட்டுக்கும் கோப்பிக் கொட்டைக்கும் வாசனை தருவது. வறுவல் வறுவலைச் சந்திக்கும்போது, நண்டுச் சதையின் இனிப்புத் தனியே எழுந்து நிற்கிறது. இதற்கு வெளிநாட்டுப் போத்தல் தேடி அலையவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் வேரூன்றிய ஆலையின் வழியில் வரும் லயன் ஸ்டௌட், மதுசாரம் 8 வீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் கனமான பியர். பெரிய நிறுவனத்தின் தயாரிப்பாகையால் கிராஃப்ட் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது என்றாலும், சுவையைக் கொண்டு பார்த்தால் இத்தீவில் பியர் படிக்கத் தொடங்குவோருக்கு அதைவிட நல்ல முதற்பாடம் இல்லை. வீதத்தைப் பார்த்து, ஒரு போத்தலை இருவர் மூவராகப் பகிர்வதே முறை.

பரிமாறும் விதத்தில் இரண்டு செய்திகளை மட்டும் சொன்னால் போதும். கருநிறப் பியரைப் பனிக்கட்டிக் குளிரில் குடித்தால் அதன் வாசனை எழாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்து, 10 முதல் 13 பாகையளவில் கண்ணாடிக் குவளையில் ஊற்றவேண்டும். எந்தப் பியரையும் கடற்கரை வெயிலில் வைத்திருக்கக் கூடாது. ஹொப்ஸிலுள்ள கைப்புப் பொருள் ஒளிபட்டுச் சிதைந்து, சில நிமிடங்களிலேயே கந்தகம் கலந்த கெட்ட வாடையை உண்டாக்கும். கபிலநிறப் போத்தல் இதை வெகுவாகத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுவிற்பனை சட்டவிரோதம் என்பதையும், போயா எனப்படும் பூரணை நாட்களில் மதுக்கடைகள் மூடியிருக்கும் என்பதையும் வெளியூரிலிருந்து வருவோர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டின் முடிவில் வரும் வட்டிலப்பத்துக்கும் ஸ்டௌட்டையே மீதம் வைத்திருக்கலாம். கித்துள் கருப்பட்டியின் கருகல் இனிப்பும், ஏலக்காயும், முட்டையின் கொழுப்பும் அதன் கோப்பிக் கைப்போடு நன்றாகப் பொருந்தும். தொதல் என்றால் இனிப்பு மிகுந்து பியரைப் புளிப்பாகக் காட்டிவிடும். இந்த ஊரில் ஒரு மேசையைச் சுற்றி அமர்வோரில் பலர் மதத்தாலோ விருப்பத்தாலோ மதுவைத் தொடாதவர்கள் என்பதால், அவர்களுக்கு முன்னால் நல்ல இஞ்சிப் பியர் ஒரு போத்தல் இருக்கவேண்டும். அதில் மதுசாரம் இல்லை; ஆனால் இஞ்சியின் காரமும் சர்க்கரையும் வாயுவும் பொரித்த மீனோடும் கொத்துரொட்டியோடும் லாகர் செய்யும் வேலையைக் குறைவின்றிச் செய்யும். உறைப்பு மிகுந்த கறிக்கு மட்டும் இஞ்சி எரிவைக் கூட்டும் என்பதால், அங்கே மோர் ஊற்றிக் கொடுப்பதே சரி.